காத்திருப்பின் கணக்கு: கெர்னலில் நினைவக மீட்பும் ஸ்வாப்பும்



அறிவியல் பொருள் ஒன்றை அதன் உள்வேலையோடு சேர்த்துத் தமிழில் பேச வேண்டும் என்பது இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் நிபந்தனை. எனக்கு மிகவும் பிடித்த நிபந்தனை இது. கணினியைப் பற்றித் தமிழில் பேசும்போது பெரும்பாலும் அதன் பயன்களைப் பேசுகிறோம்; உள்ளே என்ன நடக்கிறது என்பதை விட்டுவிடுகிறோம். இன்று உள்ளே போவோம். ராம் தீரும் வேளையில் இயங்குதளத்தின் கெர்னல் என்ன செய்கிறது, எந்தப் பக்கத்தை வெளியே அனுப்புகிறது, அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதே என் பொருள். லினக்ஸை வைத்துத்தான் பேசப் போகிறேன். அதன் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. நான் சொல்வதை நீங்கள் இன்றிரவே சரிபார்த்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டுக்கு அடியில் ஓடுவதும் அதே கெர்னல்தான் என்பதால், இந்த அரங்கில் பெரும்பாலோர் சட்டைப்பையில் அது இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நினைவகம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதை அளந்தே பல்லாண்டுகளைக் கழித்துவிட்டோம். அது போதாததால் நிரல்கள் எவ்வளவு நேரம் காத்துக்கிடக்கின்றன என்பதைத்தான் அளந்திருக்க வேண்டும். லினக்ஸ் கெர்னலுக்கு அந்த அளவுகோல் முறையாகக் கிடைத்தது 2018-இல். அது வந்த பிறகு ஸ்வாப்பைப் பற்றி நாம் பழகிப்போன பல எண்ணங்களை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன். கெர்னல் ராமைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கையாள்கிறது. நம் கணினிகளில் ஒரு பக்கம் வழக்கமாக 4 கிலோபைட். 8 ஜிகாபைட் ராம் என்றால் 20,97,152 பக்கங்கள். இவற்றில் இரண்டு இனங்கள் உண்டு என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சு முழுவதும் அதைச் சுற்றியே போகும். ஒன்று கோப்புப் பக்கம்: டிஸ்க்கில் உள்ள ஏதோ ஒரு கோப்பின் நகல். நீங்கள் திறந்த ஆவணம் மட்டுமல்ல, ஓடும் நிரலின் கட்டளைகளும் இதில் சேரும். இதில் மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை என்றால் கெர்னல் அப்படியே தூக்கிப் போட்டுவிடலாம். வேண்டும்போது டிஸ்க்கிலிருந்து மறுபடி படித்துக்கொள்ளலாம். மற்றொன்று பெயரற்ற பக்கம்: நிரல் ஓடும்போது தானே உருவாக்கிக்கொண்ட தரவு. இதற்குப் பின்னால் எந்தக் கோப்பும் இல்லை. தூக்கிப் போட்டால் போனது போனதுதான். இதை வெளியே அனுப்ப வேண்டுமானால் டிஸ்க்கில் அதற்கென்று ஓர் இடம் வேண்டும். அந்த இடம்தான் ஸ்வாப்.

ராமைக் காலியாக வைத்திருப்பதில் கெர்னலுக்கு விருப்பம் கிடையாது. படித்த கோப்புகளையெல்லாம் கேஷாக வைத்துக்கொள்ளும். அதனால் சில மணி நேரம் ஓடிய எந்த லினக்ஸ் இயந்திரத்திலும் காலி ராம் மிகக் குறைவாகவே தெரியும். புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்து அஞ்சுகிறார்கள். 2014-இல் வந்த 3.14 பதிப்பில், காலி என்ற எண்ணோடு ‘கிடைக்கக்கூடியது’ என்ற இன்னொரு எண்ணையும் கெர்னல் காட்டத் தொடங்கியது. நிறைவை அளப்பது எவ்வளவு குழப்பமான வேலை என்பதற்கு அதுவே ஒரு சான்று.

இந்தச் சிக்கலின் தொடக்கம் இங்கிலாந்தின் மான்செஸ்டர். 1962 டிசம்பரில் அங்கு இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியில்தான் இன்று நாம் மெய்நிகர் நினைவகம் என்று சொல்வது முதலில் முழுமையாக வேலை செய்தது. டாம் கில்பர்னும் அவருடைய குழுவினரும் அமைத்தது அது. காந்த வளைய நினைவகம் 16,384 சொற்கள்; அதற்குப் பின்னால் சுழலும் உருளை நினைவகம் 98,304 சொற்கள். பக்கத்துக்கு 512 சொற்கள். கணக்குப் போட்டால் வேகமான நினைவகத்தில் ஒரே நேரத்தில் 32 பக்கங்கள்தான் இருக்க முடியும். நிரலாளருக்கோ எல்லாம் ஒரே நினைவகமாகத் தெரிந்தது. எந்தப் பக்கத்தை உருளைக்கு அனுப்புவது என்பதை முடிவு செய்ய ஒரு ‘கற்கும் நிரல்’ வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ‘தொடப்பட்டதா’ என்ற ஒரு குறி உண்டு. 1024 கட்டளைகளுக்கு ஒருமுறை அந்தக் குறிகளைப் படித்து, எந்தப் பக்கம் எவ்வளவு காலமாகத் தொடப்படாமல் கிடக்கிறது என்று அந்த நிரல் கணித்தது. 32 பக்கங்களிலிருந்து 21 லட்சம் பக்கங்களுக்கு வந்துவிட்டோம். அந்தக் குறி இன்றைய பிராசஸர்களிலும் இருக்கிறது, அதே வேலையைத்தான் செய்கிறது.

1966-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் லாஸ்லோ பெலாடி, மிகச் சிறந்த தேர்வு எது என்பதைத் தெளிவாக்கினார்: இனி எந்தப் பக்கம் மிகத் தாமதமாகத் தேவைப்படுமோ அதையே வெளியேற்று. அதற்கு எதிர்காலம் தெரிந்திருக்க வேண்டும். கெர்னலுக்கு எதிர்காலம் தெரியாது; கடந்த காலம் மட்டும் கொஞ்சம் தெரியும். ஆகவே, அண்மையில் தொடப்பட்டது இன்னும் தேவைப்படும் என்ற ஊகத்தின் மேல்தான் எல்லா முறைகளும் நிற்கின்றன. கெர்னல் புத்தகங்களில் எல்.ஆர்.யு. என்று நீங்கள் படிப்பது அந்த ஊகத்தைத்தான்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1968-இல், கணினி அறிவியலாளர் பீட்டர் டென்னிங் இன்னும் ஆழமான ஒன்றைச் சொன்னார். ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு கால அளவில் உண்மையாகவே தேவைப்படும் பக்கங்களின் தொகுதி ஒன்று உண்டு. அதை அவர் ‘வேலைத் தொகுதி’ என்றார். ஓடும் நிரல்கள் எல்லாவற்றின் வேலைத் தொகுதிகளும் ராமில் அடங்கும் வரை சிக்கல் இல்லை. கொஞ்சம் மிஞ்சினால் மெல்ல மெல்ல வேகம் குறையும் என்று எதிர்பார்ப்போம். அப்படி நடப்பதில்லை, இயந்திரம் சட்டென்று சரிந்துவிடுகிறது. கணக்கைப் பாருங்கள். ராமிலிருந்து ஒரு தரவை எடுக்க ஏறத்தாழ 100 நானோநொடி. சுழலும் டிஸ்க்கிலிருந்து எடுக்க ஏறத்தாழ 10 மில்லிநொடி, அதாவது ஒரு லட்சம் மடங்கு. ஆயிரத்தில் ஒரே ஒரு முறை டிஸ்க்குக்குப் போக நேர்ந்தாலே சராசரி வேகம் நூறு மடங்கு குறைந்துவிடும். இதற்குத் திராஷிங் என்று பெயர். ஒரு நிரலின் பக்கத்தை எடுத்து இன்னொன்றுக்குக் கொடுக்கிறோம். அடுத்த கணமே முதல் நிரல் தன் பக்கத்தைக் கேட்கிறது. அதற்காக இரண்டாவதிடமிருந்து பிடுங்குகிறோம். அக்கால இயங்குதளங்கள், நிரல்கள் எல்லாம் டிஸ்க்குக்காகக் காத்திருப்பதால் பிராசஸர் சும்மா இருப்பதைப் பார்த்து, வேலை போதவில்லை என்று நினைத்து இன்னொரு நிரலையும் உள்ளே விட்டன. நிலைமை மேலும் மோசமாயிற்று. டென்னிங் கண்டது இந்த விபரீதத்தைத்தான். 1968 என்ற அந்த ஆண்டை நினைவில் வைத்திருங்கள்.

லினக்ஸுக்கு வருவோம். 1991 இறுதியில் லினஸ் டோர்வால்ட்ஸ் கெர்னலை வெளியிட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஜெர்மனியில் ஒருவரிடம் 2 மெகாபைட் ராம் உள்ள கணினி இருந்தது. அதில் கெர்னலைத் தொகுக்க முடியவில்லை. தொகுப்பி நிரல் ராமை விழுங்கிவிட்டது. அவருக்காக அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் உட்கார்ந்து, பக்கங்களை டிஸ்க்குக்கு அனுப்பும் வசதியை லினஸ் எழுதினார். தன்வரலாற்று நூலில் அவரே இதைச் சொல்கிறார். எனக்கு இந்தச் செய்தியில் ஒரு நெருக்கம் உண்டு. லினக்ஸில் ஸ்வாப் பிறந்தது பெரிய தரவு மையத்துக்காக அல்ல. ராம் வாங்கப் பணம் போதாத, அல்லது இருக்கிற இயந்திரத்தை வைத்து வேலை முடிக்க வேண்டியிருந்த ஒரு தனிமனிதருக்காக.

அடுத்த பத்தாண்டில் சின்ன வேலையாகத் தொடங்கியது கெர்னலிலேயே மிகக் கடினமான பகுதியாகிவிட்டது. 2001 ஜனவரியில் 2.4 வெளியானபோது அதன் நினைவக மேலாண்மை ரிக் வான் ரீல் வடிவமைத்தது. சில வேலைச்சுமைகளில் அது தடுமாறியது. ராமின் இரு மடங்கு ஸ்வாப் வைத்துக்கொள்ளுங்கள் என்று பயனர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. செப்டம்பரில், 2.4.10 பதிப்பில், லினஸ் அதை எடுத்துவிட்டு ஆண்ட்ரியா ஆர்காஞ்சலி எழுதிய வேறொரு வடிவமைப்பை வைத்தார். நிலையான வரிசை என்று அறிவித்து, ஊரெல்லாம் சர்வர்களில் போட்டிருந்த கெர்னலின் இதயத்தை நடுவழியில் மாற்றினார்! இன்னொரு கெர்னல் நிரலாளரான ஆலன் காக்ஸ் தம் தனி வரிசையில் சிறிது காலம் ரிக்கின் வடிவமைப்பையே வைத்திருந்தார். யார் செய்தது சரி என்று இன்றும் வாதிடலாம். எனக்குப் படுவது இதுதான்: ரிக்கின் எண்ணங்களில் ஆழம் அதிகம், அன்றைய நிலையில் ஓடியது ஆண்ட்ரியாவின் நிரல். பின்னர் 2.6 வரிசையில் ரிக்கின் முக்கியமான கருத்து ஒன்று கெர்னலுக்குள் வந்து நிலைத்துவிட்டது. ஒரு பக்கத்தைக் கையில் எடுத்தால், எந்தெந்த நிரல்களின் பக்க அட்டவணைகள் (தன் பக்கங்கள் ராமில் எங்கே இருக்கின்றன என்று ஒவ்வொரு நிரலுக்கும் உள்ள பட்டியல்) அதைச் சுட்டுகின்றன என்பதைப் பின்னோக்கிக் கண்டுபிடிக்கும் வசதி அது. அதற்கு முன்பு ஒரு பக்கத்தை விடுவிக்க எல்லா நிரல்களின் அட்டவணைகளையும் வரிசையாகத் துழாவ வேண்டியிருந்தது.

இப்போது ஒரே ஒரு பக்கத்தைப் பின்தொடர்ந்து பார்ப்போம். உங்கள் உலாவியில் காலையில் திறந்துவிட்டு மறந்துபோன ஒரு தாவல். அதன் தரவில் ஒரு பெயரற்ற பக்கம். ராமின் ஒவ்வொரு பகுதிக்கும் கெர்னல் மூன்று மட்டக் குறிகள் வைத்திருக்கிறது: குறைந்தபட்சம், தாழ்வு, உயர்வு. காலிப் பக்கங்கள் தாழ்வுக் குறிக்குக் கீழே போனதும் கேஸ்வாப்டி என்ற பின்னணி வேலையாள் விழித்துக்கொள்கிறது. பக்கங்கள் ‘செயலில் உள்ளவை’, ‘செயலற்றவை’ என்று வரிசைகளாக நிற்கின்றன. 2008 இறுதியில் வந்த 2.6.28 பதிப்பிலிருந்து கோப்புப் பக்கங்களுக்கும் பெயரற்ற பக்கங்களுக்கும் தனித்தனி வரிசைகள். நம் பக்கம் செயலற்ற வரிசையின் வாலில் நிற்கிறது. கேஸ்வாப்டி அதை எடுத்து, பின்னோக்கித் தேடி, ‘தொடப்பட்டதா’ என்ற குறியைப் பார்க்கிறது. குறி இருந்தால் பக்கம் பிழைத்தது. குறியை அழித்துவிட்டு மீண்டும் வரிசையில் விட்டுவிடும். குறி இல்லை. உடனே ஸ்வாப்பில் ஓர் இடம் ஒதுக்கப்படுகிறது. பக்க அட்டவணையில் ராம் முகவரி இருந்த அதே இடத்தில், ‘இது இங்கே இல்லை, இன்ன ஸ்வாப்பில் இத்தனையாவது இடத்தில் இருக்கிறது’ என்ற குறிப்பு எழுதப்படுகிறது. உள்ளடக்கம் டிஸ்க்குக்குப் போகிறது. 4 கிலோபைட் காலி.

மாலையில் நீங்கள் அந்தத் தாவலைத் தொடுகிறீர்கள். பிராசஸர் அட்டவணையைப் பார்க்கிறது, பக்கம் இல்லை. பக்கப் பிழை என்ற குறுக்கீடு எழுகிறது. கெர்னல் அந்தக் குறிப்பைப் படித்து, டிஸ்க்கிலிருந்து பக்கத்தைக் கொண்டுவந்து, அட்டவணையைத் திருத்தி, நிறுத்திய கட்டளையிலிருந்தே நிரலைத் தொடரவிடுகிறது. நிரலுக்கு எதுவும் தெரியாது. அதன் நேரம் மட்டும் போயிருக்கிறது.

கேஸ்வாப்டியால் ஈடுகொடுக்க முடியாமல் காலிப் பக்கங்கள் குறைந்தபட்சக் குறிக்கும் கீழே போய்விட்டால் என்ன ஆகும்? அப்போது ராம் கேட்டு வரும் நிரலையே கெர்னல் பிடித்து நிறுத்தி, ‘நீயே பக்கங்களை விடுவித்துக்கொண்டு போ’ என்று வேலை வாங்குகிறது. இது நேரடி மீட்பு. நீங்கள் தட்டிய ஓர் எழுத்து திரையில் வரத் தாமதமாகிறது என்றால், அந்த எழுத்தை வரையப் போன நிரல் நடுவழியில் இந்த வேலையில் மாட்டியிருக்கலாம்.

இங்கே கொஞ்சம் நின்று, நம் ஆய்வகங்களில் வேரூன்றிப்போன ஒரு நம்பிக்கையைப் பற்றிப் பேச வேண்டும். ‘ஸ்வாப் இருந்தால் மெதுவாகும், ஆகவே ஸ்வாப்பை நிறுத்திவிடு.’ இதை அனுபவசாலிகள்கூடச் சொல்கிறார்கள். என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஸ்வாப் இல்லை என்றால் பெயரற்ற பக்கங்கள் எதையும் கெர்னலால் வெளியேற்ற முடியாது. நாள் முழுக்க யாரும் தொடாத தரவுகூட ராமிலேயே உட்கார்ந்திருக்கும். நெருக்கடி வரும்போது மிச்சம் இருப்பவை கோப்புப் பக்கங்கள்தான். கேஷை எல்லாம் தூக்கி எறிந்த பிறகு, ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் கட்டளைப் பக்கங்களையே எறியத் தொடங்கும். உலாவியின் அடுத்த கட்டளை ராமில் இருக்காது. டிஸ்க்கிலிருந்து படிக்க வேண்டும். படித்து முடிப்பதற்குள் அதற்கு முந்தைய கட்டளைப் பக்கம் போயிருக்கும். மவுஸ் அம்பு அசையாது, டிஸ்க் விளக்கு அணையாது. ஸ்வாப் ஒரு பைட்கூட இல்லாத இயந்திரத்தில் நடக்கும் முழுமையான திராஷிங் இது. 4 ஜிகாபைட் ஆய்வக இயந்திரத்தில் தேர்வு நேரத்தில் இப்படி உறைந்துபோய், மின்சாரத்தைத் துண்டித்து மீண்டும் தொடங்கிய மாணவர்கள் இந்த அரங்கிலும் இருப்பார்கள். நியாயமாக வெளியேற வேண்டிய பக்கத்துக்கு வாசலை அடைத்துவிட்டு, இருக்க வேண்டிய பக்கத்தை வெளியே தள்ளுகிறோம். ஸ்வாப்பின் முதல் பயன் கூடுதல் இடம் தருவதில் இல்லை. இரு இனப் பக்கங்களில் எது குறைவாகத் தேவைப்படுகிறதோ அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கெர்னலுக்குத் தருவதில் இருக்கிறது.

ஸ்வாப்பினெஸ் என்ற எண்ணும் இதே குழப்பத்தில் சிக்கியது. இயல்பாக 60 என்றிருக்கும். ‘ராம் 40 விழுக்காடு நிறைந்ததும் ஸ்வாப் தொடங்கும்’ என்று பலர் விளக்கம் சொல்கிறார்கள். அது தவறு. நிறைவோடு அதற்கு நேரடித் தொடர்பே இல்லை. ஒரு பெயரற்ற பக்கத்தைத் திரும்பக் கொண்டுவரும் செலவும் ஒரு கோப்புப் பக்கத்தை மறுபடி படிக்கும் செலவும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று நாம் கெர்னலுக்குச் சொல்லும் மதிப்பீடு அது. 100 என்றால் இரண்டும் சமம். 2020-இல் 5.8 பதிப்பில் அதன் உச்ச வரம்பு 200 ஆனது. ராமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் ஸ்வாப், டிஸ்க்கிலிருந்து கோப்பைப் படிப்பதைவிட மலிவாகிவிட்டதே அதற்குக் காரணம்.

உறைந்துபோன அந்த இயந்திரத்துக்கே திரும்புவோம். ராம் அடியோடு தீர்ந்தால் ஏதோ ஒரு நிரலைக் கொன்று மற்றவற்றைக் காப்பாற்றும் ஓஓஎம் கில்லர் என்ற ஏற்பாடு கெர்னலில் உண்டு. அது ஏன் அப்போது வரவில்லை? பயனர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்ட கேள்வி இது. விடை எளிது, ஆனால் கசப்பானது. மீட்பு தோற்றால்தான் கில்லர் வரும். திராஷிங்கின்போது மீட்பு தோற்பதே இல்லை! ஒவ்வொரு முறையும் கேட்ட பக்கம் கிடைத்துவிடுகிறது. கெர்னலின் கணக்குப் புத்தகத்தில் எல்லாம் வெற்றி. இப்போது விடுவித்த பக்கமே அரை நொடியில் திரும்பக் கேட்கப்படுகிறது என்பதை எழுத அந்தப் புத்தகத்தில் பத்தி கிடையாது. டென்னிங் 1968-இல் பெயர் வைத்து விளக்கிய நோயைக் கெர்னலால் தன்னிடமே கண்டறிய முடியவில்லை.

இரண்டு படிகளில் அது சரியாயிற்று. இரண்டின் பின்னாலும் ஜோஹன்னஸ் வைனர் என்ற நிரலாளர் இருக்கிறார். முதல் படி 2014-இல், 3.15 பதிப்பில். ஒரு கோப்புப் பக்கத்தை வெளியேற்றும்போது, அது இருந்த இடத்தில் ஒரு சிறிய நிழல் குறிப்பு விடப்படுகிறது: வெளியேறிய நேரத்தில் வெளியேற்றக் கணக்கு எந்த எண்ணில் இருந்தது என்று. அந்தப் பக்கம் திரும்பக் கேட்கப்பட்டால், இன்றைய எண்ணிலிருந்து அதைக் கழித்தால் போதும். நடுவில் எத்தனை பக்கங்கள் வெளியேறின என்று தெரிந்துவிடும். அந்தத் தொலைவு சிறியது என்றால், இன்னும் கொஞ்சம் இடம் இருந்திருந்தால் இந்தப் பக்கம் வெளியேறியே இருக்காது. அதாவது வேலைத் தொகுதியைச் சேர்ந்த பக்கத்தைத் தவறாக அனுப்பிவிட்டோம். ஒரே ஒரு கழித்தலில் தன் தீர்ப்பு சரியா என்று கெர்னல் தெரிந்துகொள்கிறது. கெர்னலில் எனக்கு மிகப் பிடித்த சில வரிகள் என்று கேட்டால் இவற்றைத்தான் காட்டுவேன்.

இரண்டாவது படி 2018 டிசம்பரில் வந்த 4.20 பதிப்பு. அழுத்தத் தேக்கத் தகவல் என்று சொல்லலாம், பி.எஸ்.ஐ. என்பார்கள். அன்று ஃபேஸ்புக்கில் இருந்த வைனரின் ஆக்கம். ‘ப்ராக்’ அடைவுக்குள் ‘பிரஷர்’ என்ற அடைவு, அதில் ‘மெமரி’ என்ற கோப்பு. திறந்தால் இரண்டே வரிகள். முதல் வரி, குறைந்தது ஒரு நிரலாவது நினைவகத்துக்காகக் காத்திருந்த நேரம் எத்தனை விழுக்காடு என்று சொல்கிறது. இரண்டாவது வரி, வேலை இருந்த அத்தனை நிரல்களும் ஒருசேரக் காத்துக்கிடந்த நேரம். கடந்த 10 நொடி, 60 நொடி, 300 நொடி என்று மூன்று சராசரிகள். எவ்வளவு நிறைந்தது, எவ்வளவு காலி, ஸ்வாப்பில் எத்தனை மெகாபைட் என்பதெல்லாம் அங்கே இல்லை. ஸ்வாப்பில் 3 ஜிகாபைட் இருந்து இரு வரிகளும் பூச்சியம் என்றால் இயந்திரம் நலம். ஸ்வாப்பே இல்லாமல் இரண்டாவது வரி 40 என்று காட்டினால், ஒவ்வொரு நொடியிலும் 40 விழுக்காடு அத்தனை பேரும் கைகட்டி நின்றிருக்கிறார்கள். டென்னிங்கின் கட்டுரைக்கும் இந்தக் கோப்புக்கும் நடுவே 50 ஆண்டுகள்.

அளவுகோல் கிடைத்ததும் அதைச் சுற்றி நிறைய நடந்தது. 2019-இல் 5.2 பதிப்பில், ‘ஒரு நொடி சாளரத்தில் 150 மில்லிநொடிக்கு மேல் காத்திருந்தால் என்னை எழுப்பு’ என்று ஒரு நிரல் கெர்னலிடம் சொல்லிவைக்க வழி வந்தது. ஆண்ட்ராய்டின் 10-ஆம் பதிப்பிலிருந்து, பின்னணிச் செயலிகளை எப்போது மூடுவது என்பதை அதன் நினைவகக் காவலன் இந்த அளவையை வைத்தே முடிவு செய்கிறது. 2021-இல் ஃபெடோரா 34, இதே அளவையைப் பார்த்து இயந்திரம் உறையுமுன் நடவடிக்கை எடுக்கும் சேவையை இயல்பாகவே இயக்கி வெளியிட்டது.

இனி ‘யார் விலை கொடுப்பது’ என்ற கேள்வி. ஒரே இயந்திரத்தில் ஒரு தரவுத்தளமும் ஒரு காப்புநகல் நிரலும் ஓடினால், நள்ளிரவில் காப்புநகல் நிரல் கோப்புகளை எல்லாம் படித்துத் தள்ளும். தரவுத்தளத்தின் பக்கங்கள் வெளியேறும். காலையில் முதல் வாடிக்கையாளர் காத்திருப்பார். தவறு செய்தவர் ஒருவர், தண்டனை இன்னொருவருக்கு. இதைத் தடுக்க நிரல்களைக் குழுக்களாக்கி, குழுவுக்குக் குழு கணக்கு வைக்க வேண்டும். 2008 ஏப்ரலில் வந்த 2.6.25 பதிப்பில் அந்த நினைவகக் கட்டுப்பாடு சேர்ந்தது. அதை எழுதி நிறுவியவர் ஐ.பி.எம். நிறுவனத்தின் இந்திய லினக்ஸ் மையத்தில் பணியாற்றிய பல்பீர் சிங். கெர்னலின் மையப் பகுதியை இங்கிருந்து எழுத முடியாது என்று நினைக்கும் மாணவர்கள் இந்தப் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் வடிவில் ராமுக்கும் ஸ்வாப்புக்கும் சேர்த்து ஒரே வரம்பு வைக்கும் வசதி இருந்தது. ஒரு குழு எவ்வளவு கேட்டாலும் தேவைப்பட்டால் அதன் பக்கங்களை முழுக்க ஸ்வாப்புக்குத் தள்ளிவிடலாம் என்ற எண்ணம். இரண்டாவது வடிவத்தில் அதை எடுத்துவிட்டு ராமுக்குத் தனி வரம்பு, ஸ்வாப்புக்குத் தனி வரம்பு என்று பிரித்தார்கள். சொன்ன காரணம் வலுவானது. நம்ப முடியாத ஒரு குழு தன் பக்கங்களை ஓயாமல் தொட்டுக்கொண்டே இருந்தால் போதும், அவற்றை ஸ்வாப்புக்கு அனுப்புவது நடைமுறையில் முடியாமல் போகும். கூட்டு வரம்பு கொடுத்த பாதுகாப்பு வெறும் தோற்றம். நம்பத்தக்க குழுவுக்கோ கூட்டு எண் குழப்பமே தரும். ராம் ஒரு வளம், ஸ்வாப் வேறொரு வளம். தனித்தனியாகவே எண்ண வேண்டும். இன்று ஒரு குழுவுக்கு ‘இந்த அளவுக்குக் கீழே என்னைத் தொடாதே’ என்று பாதுகாப்பு கொடுக்கலாம். ‘இந்த அளவைத் தாண்டினால் வேகத்தைக் குறை’ என்று சொல்லலாம். ‘இதற்கு மேல் கிடையாது’ என்று சுவர் எழுப்பலாம். ஸ்வாப்பையே பூச்சியம் என்று மூடலாம். இவற்றில் வேகத்தைக் குறைக்கும் வரம்புதான் நாகரிகமானது என்பேன். கேட்கிறவரே தன் பக்கங்களை விடுவித்துக்கொண்டு தாமதத்தை ஏற்கிறார். அண்டையில் இருப்பவர் தப்புகிறார்.

பல சர்வர்களில் நிரல்களைப் பகிர்ந்து ஓட்டும் குபெர்னெட்டிஸ் என்ற மென்பொருள் 2017-இலிருந்து ஸ்வாப் இயங்கும் இயந்திரத்தில் இயல்பாகத் தொடங்கவே மறுத்தது. 2021-இல் 1.22 பதிப்பில்தான் அதற்குச் சோதனை வடிவில் இடம் கொடுத்தது. குழுவுக்குக் குழு ஸ்வாப் கணக்கு ஒழுங்கான பிறகே அந்தக் கதவு திறந்தது.

மெட்டா நிறுவனம் 2022-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை நான் சொல்ல வந்ததற்கு வலுவான சான்று. ஒவ்வொரு குழுவின் பி.எஸ்.ஐ. அளவையையும் பார்த்தபடி, நெருக்கடி எதுவும் இல்லாத நேரத்திலேயே பக்கங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றுகிறார்கள். காத்திருப்பு லேசாக ஏறினால் கையைத் தளர்த்துகிறார்கள். மற்றபடி தொடர்ந்து அழுத்துகிறார்கள். இப்படி லட்சக்கணக்கான சர்வர்களில் 20 முதல் 32 விழுக்காடு ராம் மிச்சமானது என்கிறது கட்டுரை. ஆபத்துக்கால ஏற்பாடு என்று நாம் ஒதுக்கிவைத்த ஸ்வாப் அங்கே அன்றாட வேலைக் கருவியாகிவிட்டது.

உங்கள் கைப்பேசி விஷயத்துக்கும் வருகிறேன். கடைகளில் ‘8+8’ என்று பெட்டியில் எழுதி விற்கிறார்கள். அந்த இரண்டாவது எட்டு ராம் இல்லை. சேமிப்பகத்தில் ஒரு பகுதியை ஸ்வாப்பாக ஒதுக்கியிருப்பதைத்தான் அப்படி எழுதுகிறார்கள். வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்து வாங்க வேண்டும். கைப்பேசிகளுக்கு உண்மையில் உதவியது இசட்ராம் என்ற ஏற்பாடு: வெளியேற்ற வேண்டிய பக்கத்தை டிஸ்க்குக்கு அனுப்பாமல், சுருக்கி ராமிலேயே ஓர் ஓரத்தில் வைப்பது. நித்தின் குப்தா என்ற நிரலாளர் தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்தது அது. 2013-இல் ஆண்ட்ராய்டு 4.4 வெறும் 512 மெகாபைட் ராம் உள்ள கைப்பேசிகளிலும் ஓட வழி செய்தபோது இசட்ராமுக்கு அதில் பங்கு இருந்தது. ஃப்ளாஷ் நினைவகம் எழுத எழுதத் தேயும். இசட்ராமில் அந்தத் தேய்மானமும் இல்லை.

செயலில் உள்ளவை, செயலற்றவை என்ற இரு வரிசை முறைக்கு மாற்றாக, பக்கங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பிரிக்கும் முறை ஒன்றும் 2022 டிசம்பரில் 6.1 பதிப்பில் சேர்ந்தது. கூகுளின் யூ ஷாவ் எழுதியது. பக்கம் பக்கமாகப் பின்னோக்கித் தேடுவதற்குப் பதில் பக்க அட்டவணைகளை நேரே நடந்து பார்க்கிறது. அருகருகே உள்ள பக்கங்கள் சேர்ந்தே தொடப்படுகின்றன என்பதைப் பயன்படுத்திக்கொள்கிறது. கூகுள் தன் கருவிகளில் அளந்தபோது கேஸ்வாப்டி செலவிடும் பிராசஸர் நேரம் 40 விழுக்காடு குறைந்தது.

மாணவர்களே, உங்களுக்கென்று ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். பெலாடி கேட்ட எதிர்காலம் கெர்னலுக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை என்றே பாடநூல்கள் சொல்கின்றன. ஆனால் உங்கள் நிரலுக்கு அதில் ஒரு பகுதி தெரியும். ஒரு படத்தைத் திரையில் காட்டி முடித்துவிட்டீர்கள், பயனர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். அந்தத் தரவு இப்போதைக்கு வேண்டாம் என்பதை நிரலை எழுதிய நீங்கள் அறிவீர்கள். எம்-அட்வைஸ் என்ற அழைப்பின் வழியே அதைச் சொல்லலாம். 2019-இல் 5.4 பதிப்பில் மின்சான் கிம் என்ற நிரலாளர் அதில் இரண்டு புதிய சொற்களைச் சேர்த்தார்: ‘இது ஆறிவிட்டது, வரிசையில் பின்னால் வை’ என்று ஒன்று, ‘இதை இப்போதே வெளியேற்று’ என்று மற்றொன்று. 2020-இல் 5.10 பதிப்பிலிருந்து ஒரு நிரல் இன்னொரு நிரலின் பக்கங்களைப் பற்றியும் இப்படிச் சொல்ல முடிகிறது. எந்தச் செயலி பின்னணிக்குப் போனது என்பதை ஆண்ட்ராய்டு அறியும், ஆகவே அது சொல்லலாம். இந்த அழைப்புகளை நம் பாடத்திட்ட நிரல்களில் நான் கண்டதே இல்லை. அடுத்த பருவத்தில் இயங்குதள ஆய்வகம் எடுக்கும் ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள்: ஒரு குழுவுக்கு நினைவக வரம்பு வைத்து, ஒரு நிரலை அந்த அழைப்பு இல்லாமலும் அந்த அழைப்போடும் ஓடவிட்டு, ‘பிரஷர்’ அடைவில் அந்த இரு வரிகள் எப்படி மாறுகின்றன என்று மாணவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். புது இயந்திரம் எதுவும் தேவையில்லை. மூலையில் கிடக்கும் பழைய 4 ஜிகாபைட் இயந்திரமே இதற்கு மிகப் பொருத்தம்.